காலண்டர் தாளில் சுற்றிய காசு

நான் காய்கறி லாரி ஓட்டுகிறேன். மொத்தச் சந்தையில் ஏற்றி, காலை பதினொரு மணிக்குள் கடைகளில் இறக்கிவிட்டால் என் வேலை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை லாரி சும்மா நிற்கும். டீசல் போட்டுக்கொண்டு வெளிவேலைக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார் முதலாளி. அப்படித்தான் நாடகக்காரர்களுக்குச் சாமான் ஏற்றப் போனேன்.

அவர்கள் ஆறு பேர். எல்லாருக்கும் வேறு வேலை உண்டு. நடத்துகிறவர் பள்ளிக்கூட ஆசிரியை. முப்பத்தைந்து வயது இருக்கும். நாடகத்தை எழுதுகிறவரும் அவர்தான். நான் டீச்சர் என்பேன், அவர் என்னை அங்கிள் என்பார். தேக்காவில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியை ஞாயிறு பிற்பகலுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அறுபது பேர் உட்காரலாம். நாற்காலி, மேசை, ஒரு கதவு, அந்தக் கதவு நிற்க ஒரு சட்டம், விளக்குப் பெட்டிகள். இவற்றைக் கொண்டுபோய் இறக்கி, நாடகம் முடிந்ததும் திரும்ப ஏற்றுவேன். மேடை நாற்காலியில் வெங்காய வாசம் அடிக்கிறது என்று நடிக்கிற பெண் ஒருமுறை சொன்னார். லாரியை நன்றாகக் கழுவினேன். வாசம் போகவில்லை.

நாடகத்துக்கு டிக்கெட் கிடையாது. பார்த்துவிட்டுப் போகும்போது மனசுக்குத் தோன்றியதைப் போடலாம். போடாமலும் போகலாம். படிக்கட்டின் அடியில் சுவரில் ஓர் ஆணி. அதில் ஒரு பிஸ்கட் டின் தொங்கும். மூடியில் காசு நுழையும் அளவுக்கு வெட்டியிருப்பார்கள். போன் வழியாக அனுப்புகிறவர்களுக்குப் பக்கத்தில் ஸ்கேன் செய்ய ஒரு கட்டப் படம் ஒட்டியிருக்கும்.

டின்னை மேலே வாசலிலேயே வைத்தால் என்ன என்று டீச்சரிடம் கேட்டேன். மேலே நடித்தவர்கள் நிற்பார்கள், அவர்கள் முகத்துக்காகப் போடுவார்கள், அது வேண்டாம் என்றார். இறங்குவதற்கு இருபத்திரண்டு படி இருக்கிறது, அதற்குள் அவரவர் யோசித்துக்கொள்ளட்டும் என்றார். எனக்கு அது பிடித்திருந்தது.

நான் லாரியின் பின்பலகையில் உட்கார்ந்திருப்பேன். டின் எனக்கு நேர் எதிரே. யார் என்ன போடுகிறார் என்று பார்க்கிற மாதிரி இருக்கக்கூடாது என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனாலும் கண்ணில் படும். கட்டுமான வேலைக்காரர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரே நோட்டாகப் போடுவார்கள். ஒருவர் ஒன்றும் போடாமல் சிக்னல் வரை போனார். பச்சை விழுந்தும் கடக்கவில்லை. திரும்பி வந்து போட்டுவிட்டுப் போனார். ஒருநாள் டின்னில் ஒரு பாக்கெட் இருமல் மிட்டாய் கிடந்தது. அன்றைக்கு நடித்தவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

இரண்டு மாதம் அப்படிக் கீழேயே இருந்தேன். பிறகு டீச்சர், ஏன் வெயிலில் காய்கிறீர்கள், மேலே வந்து பாருங்கள் என்றார். போனேன். கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்தேன். முடிகிற நேரத்தில் எழுந்து இறங்க அது வசதி.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பிள்ளை இல்லை. பிடோக்கில் ஒன்பதாம் மாடி. என் மனைவிக்கு இரண்டு கிட்னியும் போய் நான்கு வருடம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். மூன்று அடுக்குமாடி புளோக் தள்ளிக் கீழ்த்தளத்தில் இருக்கிறது அந்த இடம். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டுபோய் விட்டுவிட்டு, நான்கு மணி நேரம் கழித்துப் போய்க் கூட்டி வருவேன். சமதளத்தில் நாலெட்டு நடப்பாள். படி ஏற முடியாது. மூச்சு வாங்கும். முழங்காலும் விடாது.

அதற்கு முன்பு பள்ளிக்கூடக் கேண்டீனில் கடை வைத்திருந்தாள். நாளெல்லாம் பிள்ளைகளோடு பேசிக்கொண்டே மீ நூடுல்ஸ் பிரட்டியவள். நான் பேசாதவன். நோய் வந்த பிறகு அவளுக்குப் பேச்சுத்துணை நான் ஒருவன்தான் என்று ஆகிவிட்டது. அது அவள் தலையெழுத்து.

நாடகம் பார்த்தேன் என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். அங்கே பண்டிகைக்கு நாடகம் போடுவார்களாம். முதல் வரிசையில் தரையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். அதன் பிறகு பார்த்ததில்லை.

"கதை என்னங்க?"

"நல்லா இருந்துச்சு."

"அது கதையா? என்ன நடந்துச்சு?"

"ஒரு வீடு. அண்ணன் தம்பி சண்டை. அப்புறம் சரியாப் போச்சு."

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு பணப்பையை எடுத்தாள்.

"பாத்தவங்க காசு போடணும்னு சொன்னீங்கல்ல? நான் உங்க வாயால பாத்தேன். நீங்க காட்டுன நாடகத்துக்கு இவ்வளவுதான் தேறும்."

ஐம்பது காசு. சுவரில் மளிகைக் கடை கொடுத்த தினசரிக் காலண்டர் தொங்கியது. அன்றைய தாளைக் கிழித்துக் காசை அதில் வைத்து மடித்தாள். அடுத்த ஞாயிறு டின்னில் போடச் சொன்னாள். விளையாட்டுக்குச் செய்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. அடுத்த ஞாயிறு காலை, எடுத்துக்கொண்டீர்களா என்று கேட்டாள். கொண்டுபோய்ப் போட்டேன்.

ஒரு நாடகம் மூன்று நான்கு ஞாயிறு ஓடும். அதே நாடகத்தை அடுத்த வாரமும் சொல்லச் சொன்னாள். நிறையக் கேட்டாள். அண்ணன்காரன் பெண்டாட்டி என்ன நிறத்தில் சேலை கட்டியிருந்தாள், சண்டை போடும்போது நின்றார்களா உட்கார்ந்திருந்தார்களா, கதவைச் சாத்தியது யார். எனக்குத் தெரியவில்லை. அந்தக் கதவை லாரியில் ஏற்றி இறக்குகிறவனே நான். அதை யார் சாத்தினார்கள் என்று பார்க்காமல் வந்திருக்கிறேன்.

மூன்றாவது வாரம் கவனித்தேன். தம்பிதான் சாத்தினான். சேலை பச்சை. வந்து சொன்னேன். ஒரு வெள்ளி கொடுத்தாள், முழுசாக நூறு காசு. அதற்குப் பிறகு நாடகம் பார்ப்பது எனக்கு வேலை மாதிரி ஆகிவிட்டது. யார் எந்தக் கையில் டம்ளர் பிடித்தார் என்பதெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு வருவேன். பிஐஇ விரைவுச்சாலையில் திரும்பி வரும்போது வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். ஒரு வெள்ளி, ஒன்றரை வெள்ளி, ஒருமுறை இரண்டு. பெண் குரலில் பேசிக் காட்டச் சொன்னாள். மாட்டேன் என்றேன். அன்றைக்கு ஐம்பது காசைக் குறைத்துவிட்டாள்.

இப்படி ஏழெட்டு மாதம். பிறகு ஆரஞ்சு நாடகம் வந்தது.

ஓர் அறை வீடு. வயதான புருஷன், பெண்டாட்டி. அவளுக்கு உடம்பு சரியில்லை, நாற்காலியிலேயே இருப்பாள். அவன் அவளுக்கு எல்லாம் செய்வான், பேசிக்கொண்டே செய்வான். கடைசியில் ஓர் ஆரஞ்சை எடுத்து உரிப்பான். வாடகை, பக்கத்து வீட்டுப் பூனை, பழுதான லிஃப்ட் என்று ஏதேதோ பேசியபடி உரிப்பான். சுளையை நீட்டுவான். அவள் வாங்க மாட்டாள். அவன் பேச்சை நிறுத்தாமல் கையை நீட்டியபடியே இருப்பான். அவள் போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். பார்க்கிற நமக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. அங்கே விளக்கு அணையும்.

நான் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். முடிவதற்கு முன்பு எழுந்து போகிறவன், அன்றைக்கு எழவில்லை. டீச்சர் வந்து, சாமான் ஏற்றலாமா என்று கேட்ட பிறகுதான் எழுந்தேன்.

முந்தின நாள் சனிக்கிழமை. டயாலிசிஸ் நடுவில் என் மனைவிக்குப் பிரஷர் இறங்கி, நர்ஸ்கள் நாற்காலியைச் சாய்த்து, காலைத் தூக்கி வைத்திருந்தார்கள். எனக்குப் போன் வந்து ஓடினேன். நான் போவதற்குள் சரியாகிவிட்டது. ஏன் இப்படி வேர்த்து வந்திருக்கிறீர்கள் என்று என்னைக் கேட்டாள்.

ஞாயிறு வீட்டுக்கு வந்ததும் கதை கேட்டாள். சொன்னேன். எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னேன். ஆரஞ்சு வந்தது. கிழவன் நகத்தால் தோலைக் கீறியது, தோல் அறுபடாமல் ஒரே சுருளாக வந்தது, சுளை பிரித்தது, வெள்ளை நாரை ஒவ்வொன்றாக எடுத்து முழங்கால்மேல் வைத்தது, கையை நீட்டியது. அங்கே நின்றுவிட்டேன்.

"வாங்கினாளா?"

"வாங்கினா. சாப்பிட்டா."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். விளக்கை அணைச்சுட்டாங்க."

ஆரஞ்சு அவளுக்கு ஆகாது. பொட்டாசியம் ஏறிவிடும். ஆகாத பழங்களின் பட்டியல் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது, ஆரஞ்சு இரண்டாவது. "நமக்குத்தான் ஆகாது. அவளாவது தின்னட்டும்" என்றாள். பணப்பையை எடுத்தாள். பத்து வெள்ளி. தாளில் மடித்துக் கொடுத்தாள். வாங்கிச் சட்டைப்பையில் வைத்தேன். நான் அவளிடம் பொய் சொல்கிறவன் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன், அது வேறு.

அடுத்த ஞாயிறு அந்தத் தாளை டின்னில் போட்டேன். நாடகம் முடிந்து நான் கதவை ஏற்றிக்கொண்டிருந்தபோது, டீச்சர் அந்தத் தாளோடு லாரிக்கு வந்தார்.

"அங்கிள், இது யாருன்னு பாத்தீங்களா? ரொம்ப நாளா காலண்டர் தாளுல சுத்தி வருது. அம்பது காசு, ஒரு வெள்ளி. இன்னிக்குப் பத்து. யாருன்னு நாங்க பெட்டே கட்டிட்டோம் லா."

கதவைக் கீழே வைத்தேன். என் வீட்டுக்காரி என்றேன். அவர் வந்து நான் பார்த்ததே இல்லையே என்றார் டீச்சர். வர முடியாது, நான் போய்ச் சொல்வேன், அதற்குக் கொடுக்கிறாள் என்றேன். டீச்சர் சிரித்தார். ஐம்பது காசு போட்ட அன்று நாடகம் அவ்வளவு மோசமா என்று கேட்டார். நாடகம் மோசமில்லை, சொன்னவன் மோசம் என்றேன். சாமான் தூக்கிக்கொண்டு வந்த நடிகர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஏன் வர முடியாது என்று கேட்டார். சொன்னேன்.

நாங்கள் நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மாடிக்கு வருகிறோம் என்றார்கள். வீட்டில் வந்து அப்படியே சொன்னேன்.

"நாலு பேர் தூக்குற நாள் வர்றப்ப வரட்டும். இப்ப வேணாம்னு சொல்லிடுங்க."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். டீச்சரிடம் அதைச் சொல்லவில்லை. வேண்டாம் என்கிறாள் என்று மட்டும் சொன்னேன்.

டீச்சர் விடவில்லை. இரண்டு வாரத்தில் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சங்கத்தின் கீழ்த்தள அறையைப் பிடித்துவிட்டார். படி கிடையாது, சக்கர நாற்காலி ஏறச் சரிவு இருக்கிறது. ஒரு ஞாயிறு மட்டும் அங்கே போடலாம், ஆன்ட்டியும் வரலாம், அவரைப் போலப் படி ஏற முடியாதவர்களும் வரலாம் என்றார். எந்த நாடகம் என்று கேட்டேன்.

"ஆரஞ்சுதான் அங்கிள். அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சது அதுதானே?"

வேறு ஏதாவது போடலாமே என்றேன். பத்து வெள்ளி நாடகத்தை விட்டுவிட்டு வேறு எதைப் போடுவது என்றார். அவர் சந்தோஷமாக இருந்தார். நான் சாமானை ஏற்றப் போனேன்.

என் மனைவி நர்ஸ்களிடம் சொல்லிவிட்டாள். பக்கத்து மெஷினில் படுக்கிற மலாய்க்காரப் பெண்மணியிடமும் சொல்லிவிட்டாள். மேல் அலமாரியிலிருந்து நீலச் சேலையை எடுத்துத் தரச் சொன்னாள். ரவிக்கை தொளதொளவென்று ஆகிவிட்டது, இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தாள். தைக்கும்போது பாடினாள். அந்த வாரம் நான் இரண்டு முறை தப்பான கடையில் தக்காளியை இறக்கினேன்.

நாடகம் நடக்காது என்று அவளிடம் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அவளுக்கு உடம்பு முடியவில்லை என்று அவர்களிடம் சொல்லிவிடலாமா என்றும் யோசித்தேன். ஏற்கெனவே சொன்ன ஒரு பொய்யையே என்னால் சுமக்க முடியவில்லை.

சனிக்கிழமை அவளை மெஷினில் விட்டுவிட்டு நேரே ஒத்திகைக்குப் போனேன். டீச்சரும் கிழவியாக நடிக்கிற பெண்ணும் இருந்தார்கள். ஆரஞ்சை அந்த அம்மா வாங்கிச் சாப்பிடுவதுபோல ஒருநாள் மட்டும் செய்ய முடியுமா என்று கேட்டேன். ஏன் என்றார் டீச்சர். வீட்டில் நான் எப்படிச் சொன்னேன் என்பதைச் சொன்னேன்.

நடிக்கிற பெண் உடனே, செய்துவிடலாம் அங்கிள் என்றார். டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தையை மாற்றிப் பேசினாலே நடிகர்களோடு சண்டை போடுகிறவர். எழுதியதை மாற்றச் சொல்கிறேன், அதுவும் லாரிக்காரன். கடைசியில், சரி அங்கிள் என்றார். ஆன்ட்டி வருவது முக்கியம் என்றார். வெளியே வந்தபோது எனக்கு நிம்மதி வரவில்லை.

ஞாயிறு பிற்பகல். லாரி உயரம். பிளாஸ்டிக் முக்காலி போட்டு அவளை ஏற்றினேன். நீலச் சேலை, தலையில் பூ. கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிஐஇயில் ஏறினேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். சொல்லுங்கள் என்றாள். அடுத்த மேம்பாலம் தாண்டியதும் சொன்னேன்.

"அந்த நாடகத்துல அவ ஆரஞ்சைச் சாப்பிடல."

"தெரியும்."

திரும்பி அவளைப் பார்த்தேன். ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொன்னாள்.

"உரிச்சதை எவ்வளவு நேரம் சொன்னீங்க. நாரு எடுத்ததைக்கூட விடல. சாப்பிட்டதை மட்டும் ஒரே வார்த்தையில முடிச்சுட்டீங்க. புளிச்சுச்சா, விதையைத் துப்பினாளா, ஒண்ணும் இல்ல. அப்பவே தெரியும் அவ செத்துட்டான்னு."

அப்படியானால் ஏன் கேட்கவில்லை என்றேன். உங்கள் முகம் அன்றைக்குக் கேட்கிற மாதிரியா இருந்தது என்றாள்.

சரி, எல்லாம் தெரிந்துவிட்டது, இதையும் சொல்லிவிடலாம் என்று நேற்று ஒத்திகைக்குப் போனதையும் சொன்னேன். இன்றைக்கு உனக்காக மாற்றி நடிப்பார்கள் என்றேன். அதைச் சொன்னதும் கோபம் வந்துவிட்டது. லாரியை ஓரமாக நிறுத்துங்கள் என்றாள். இங்கே நிறுத்தக்கூடாது என்றேன்.

"அப்ப போய் இறங்கினதும் முதல்ல அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க. எப்பவும் போடுற மாதிரியே போடணும். நாலு வருஷமா உப்பில்லாம, தண்ணிய அளந்து குடிச்சு, பத்தியச் சாப்பாடு சாப்பிடுறேன். நாடகத்தையும் எனக்குன்னு பத்தியமா ஆக்கச் சொன்னீங்களா? நான் காசு குடுத்துப் பாக்க வர்றேங்க."

தேக்கா வரை கண்ணாடிப் பக்கமே திரும்பி உட்கார்ந்து வந்தாள்.

இறங்கியதும் டீச்சரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். உள்ளே போய் நடிக்கிற பெண்ணிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்து, என் மனைவியின் நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டுபோய் முதல் வரிசையில் நிறுத்தினார். எனக்குப் பக்கத்தில் இடம். முதல் வரிசையில் நான் உட்கார்ந்தது அன்றுதான்.

கிழவன் ஆரஞ்சில் நகத்தை வைத்ததும் வாசனை எங்கள்மேல் வந்து விழுந்தது. கடைசி வரிசைக்கு அது வந்ததில்லை. என் மனைவி கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தாள். நன்றாக இழுத்தாள். பிறகு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

அவன் கையை நீட்டினான். பூனையைப் பற்றிப் பேசினான். லிஃப்டைப் பற்றிப் பேசினான். கை நீண்டபடியே இருந்தது. பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நான் கீழே பார்த்தேன். அவள் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தக் கிழவியை. மூன்று நான்கு முறை பார்த்திருந்தும் நான் கிழவனை மட்டுமே பார்த்திருக்கிறேன். என் மனைவி என் சட்டைக் கையைப் பிடித்தாள். கையை இல்லை, துணியை.

விளக்கு வந்ததும் துணியை விட்டுவிட்டுப் பணப்பையைத் திறந்தாள். காலண்டர் தாளை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். எனக்குக் காட்டாமல் அந்தப் பக்கம் திரும்பி மடித்தாள். டின் வாசலில் ஒரு ஸ்டூலில் இருந்தது. தன் கையால் போட்டாள்.

டீச்சரும் நடித்தவர்களும் வந்து அவளைச் சுற்றி நின்றார்கள். பிடித்திருந்ததா என்று கேட்டார்கள். அவள் எல்லாருடைய கையையும் பிடித்தாள். கிழவியாக நடித்த பெண்ணின் கன்னத்தைத் தொட்டு, இவ்வளவு சின்னப் பெண்ணா என்றாள். பிறகு டீச்சரிடம் சொன்னாள்.

"எல்லாம் நல்லா இருந்துச்சும்மா. ஒண்ணுதான். அந்தம்மா ஒரு வார்த்தை சொல்லாம போயிடுது."

"திடீர்னு போயிடுறாங்க ஆன்ட்டி. சொல்ல நேரம் இல்ல."

"எப்படி இல்லாம போகும்? எத்தனை மாசமா அந்த நாற்காலியில உக்காந்திருக்கா. நேரம் இருந்துச்சு. அந்த ஆளுதான் விடல. சோறு வேணுமா, மாத்திரை போட்டியா, ஃபேனைக் குறைக்கவான்னு அவனே பேசுறான். அவளை ஒண்ணும் கேக்கல. பயம் அவனுக்கு."

டீச்சர் அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். அவன் கேட்டிருந்தால் அந்த அம்மா என்ன சொல்லியிருப்பார் என்று மெதுவாகக் கேட்டார்.

"அது இங்க சொல்றதில்லம்மா. வீட்டுல சொல்றது."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. டீச்சர் கையிலிருந்த தாளின் ஓரத்தில் எதையோ எழுதிக்கொண்டார். பிற்பாடு அந்த நாடகம் மறுபடி நடந்தபோது மாற்றியிருக்கிறாரா என்று பார்த்தேன். மாற்றவில்லை. அது அவர் நாடகம்.

திரும்பி வரும்போது அவள் தூங்கிவிட்டாள். இறக்கி, நாற்காலியில் உட்காரவைத்து, வீட்டுக்குக் கொண்டுபோனேன். அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அவள் ஆரம்பிக்க வேண்டுமா, நான் கேட்க வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. கிழவன்தான் கேட்கவில்லை என்று அவள் சொன்னது மனதில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை நாலரை மணிக்கு டயாலிசிஸிலிருந்து கூட்டி வந்தேன். கூரை போட்ட நடைபாதை. அவள் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், நான் பின்னால் தள்ளுகிறேன். அவள் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவளுக்குத் தெரியாது. இரண்டாவது புளோக் வந்ததும் கேட்டேன்.

"என்கிட்ட என்ன சொல்லணும்?"

கொஞ்ச தூரம் போனோம்.

"நெறைய இருக்கு. முதல்ல, எங்க அக்காகிட்ட நீங்களும் பேசாம இருக்கீங்க பாருங்க, அதை விட்டுடுங்க. அது என் சண்டை. எனக்கப்புறம் நீங்க அதைத் தூக்கிக்கிட்டுத் திரியாதீங்க. ஒரு தீபாவளிக்காவது அவ கையால சாப்பிடுங்க."

சரி என்றேன்.  அவள் பின்னால் திரும்பவில்லை. கையைத் தோளுக்கு மேல் தூக்கி, நாற்காலியின் கைப்பிடியில் இருந்த என் விரலை இரண்டு முறை தட்டினாள்.

அது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவள் இருக்கிறாள். ஒவ்வொரு முறை வரும்போதும் ஒன்று சொல்கிறாள். மூன்று புளோக் தூரத்துக்கு ஒன்று. சில நாள் பெரிய விஷயம், எந்த மருத்துவமனையில் எது வரைக்கும் பார்க்கலாம், எங்கே போதும் என்று சொல்ல வேண்டும் என்பதெல்லாம். அந்த நாள்களில் நான் மெதுவாகத் தள்ளுவேன். சில நாள் சின்ன விஷயம். போன வியாழக்கிழமை, வாஷிங் மெஷினில் வெள்ளைச் சட்டையையும் புதுக் கைலியையும் சேர்த்துப் போடக்கூடாது என்றாள்.

"போட்டுட்டேன்" என்றேன். "காலையில."

"பாத்தேன். கொடியில நீலமாத் தொங்குது. அதான் சொல்றேன்."